ஆறணும் என்றுதான் கேட்டோம்

ஒரு பனங்கிழங்கு என் உயிரை எடுக்கப் பார்த்தது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பாம்பு கடித்துச் சாகலாம், கடலுக்குப் போய்ச் சாகலாம், மதுரை ரோட்டில் மண் லாரி மோதிச் சாகலாம். பனங்கிழங்கு தின்று யாராவது சாவார்களா? தை பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்தில் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் அதைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். பல் முளைத்த பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரைக்கும் தின்கிறார்கள். நானும் தின்றேன். பல வருஷம் கழித்துத் தின்றேன். அதுவும் சாமி கும்பிட்டுவிட்டு, என்னைப் பெற்ற அய்யா தன் கையால் அவித்து நார் உரித்துக் கொடுக்கத் தின்றேன்.

எனக்குக் குடலில் வியாதி. அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு, கிரோன்ஸ். முதலில் அதைக் குடல் டி.பி. என்று நினைத்து மாசக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. பிறகு மதுரையில் ஒரு டாக்டரம்மா உள்ளே கேமரா விட்டுப் பார்த்து இந்தப் பேரைச் சொன்னார். என் கணவர் உடனே தொண்டிக்குப் போன் போட்டு வீட்டில் சொன்னார். போனில் என்ன காதில் விழுந்ததோ, நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கொரோனா என்று தெரு முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர்க்காரர் குடத்தை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு ஓடினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அன்றைக்கு அந்தப் பேரை விட்டதுதான், பிறகு நாங்கள் அதை வாயிலேயே எடுக்கவில்லை. 'குடல்புண்' என்று சொல்லிப் பழகிக்கொண்டோம். புண் என்றால் எல்லோருக்கும் புரிந்தது. அதே பக்கத்து வீட்டுக்காரர்கள் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெரு வாயை அடைக்க அந்தச் சொல் உதவியது உண்மைதான். ஆனால் நாளடைவில் எங்களுக்கே அது வெறும் புண்தான் என்று ஆகிப்போனது. புண் என்றால் ஆறும். ஆறிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் ஒரு புண்ணில் என்ன இருக்கிறது?

தொண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, மீனவர் அட்டை என்று வருகிறவர்களுக்கு ஆன்லைனில் பதிவு செய்து கொடுப்பேன். ஒருவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓடுவேன். திரும்பி வந்தால் ஆள் அப்படியே நிற்பார், பாவம் என்கிற மாதிரி பார்ப்பார். வயிற்றுப்போக்கைவிட அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது.

அய்யாவுக்குக் கமுதி பக்கம் மிளகாய் விவசாயம். மிளகாய்க்காரர் மகளுக்கு மிளகாய் ஆகாது என்று ஊரே கேலி பேசியது. அவர் எதையும் காதில் வாங்கவில்லை. நான் ஊருக்குப் போகிற நாட்களில் அந்த வீட்டுக் குழம்பில் மிளகாய் விழாது. எனக்காக அவரும் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் எழுந்து போவார். அம்மா இறந்த பிறகு எனக்கு என்று அவர் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். என் வயிறு சரியாக வேண்டும்.

அவர் குலசாமிக்கு நேர்ந்துகொண்டார். சாமியிடம் மொட்டையாக "காப்பாத்து" என்று கேட்கிற ஆள் இல்லை அவர். வியாபாரியிடம் மிளகாய்க்கு விலை பேசுவது மாதிரி, பின்னால் தகராறு வராதபடி தெளிவாகப் பேசுவார். நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் கேட்டார். "எம்மகளுக்கு வயித்துக்குள்ள இருக்கிற புண்ணு ஆறணும். சும்மா மேலாக்க இல்ல, நல்லா ஆறித் தழும்பேறணும். ஏறிருச்சுன்னா இங்கன வந்து கிடா வெட்டுறேன்." எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தழும்பேறிய புண் இனி திறக்காது, அதை மறந்துவிடலாம்.

மாத்திரை போய் ஊசி வந்தது. ஊசிக்கு நல்ல பலன் இருந்தது. வயிற்றுப்போக்கு நின்றது, காய்ச்சல் நின்றது, கடையில் உட்கார முடிந்தது. போன மார்கழியில் டாக்டரம்மா மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார். அன்றைக்கு அய்யாவும் கூட வந்திருந்தார். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார், "புண்ணெல்லாம் நல்லா ஆறியிருக்கு." அய்யா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவர் அங்கேயே போனை எடுத்து யாருக்கோ மெசேஜ் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கூத்துக்கு நடுவில் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் கேமரா போகவில்லை, கொஞ்சம் ஒடுங்கலாக இருக்கிறது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வோம், அதுவரை நார், தோல், கொட்டை வேண்டாம் என்றார். சொன்னார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு எங்கள் மூவர் காதிலும் 'ஆறியிருக்கு' என்பதற்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை. ஆறின புண்ணுக்கு என்ன பத்தியம்?

ஸ்கேனைக் கிடா வெட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வயிறு கடமுட என்று உருளுவதும், தொப்புளுக்கு வலப்பக்கம் இழுத்துப் பிடிப்பதும் அப்போதே இருந்தன. அதை வாய்வு என்று சொல்லிவிட்டோம். எங்கள் பக்கத்தில் வாய்வு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. ஓமத்தண்ணீர் குடித்தேன்.

தை மாசம் கோயிலில் கிடா வெட்டினோம். மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியை என் கணவர் கழுவிப் பாய் விரித்திருந்தார், தொண்டியிலிருந்து அதிலேயே நாங்கள் போயிருந்தோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, முகத்தில் களை வந்துவிட்டது என்றார்கள். அய்யா அன்றைக்கு இருந்த இருப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியில் கறி வாசனையோடு எல்லோரையும் விழுந்து விழுந்து கவனித்தார். சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டில் பனங்கிழங்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மஞ்சள் போட்டு அவித்தது, இன்னும் சூடாக இருந்தது. எனக்குச் சின்ன வயசிலிருந்து அதன்மேல் பைத்தியம் என்று அவருக்குத் தெரியும். மேல்தோலையும் நாரையும் உரித்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துவிட்டு, ஒடித்து ஒடித்துக் கொடுத்தார். நான் தின்னத் தின்ன அவர் அடுத்ததை உரித்தார்.

வெயில் தாழ்வதற்குள் வயிறு உப்பிவிட்டது. முதலில் வலி விட்டு விட்டு வந்தது. பிறகு விடவே இல்லை. நின்றால் குனியச் சொன்னது, குனிந்தால் படுக்கச் சொன்னது. வாந்தி எடுத்தேன். முதலில் சோறு, பிறகு பச்சையாக, பிறகு சொல்ல வேண்டாம். வெளியே காற்றுகூடப் பிரியவில்லை. யார் கண்ணோ பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். என் கணவர் என்னைத் தூக்கி அந்த மீன் வண்டியில் பாயில் கிடத்தினார். அய்யா என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மதுரை போய்ச் சேரும் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் கத்தினேன். வண்டியில் எத்தனை கழுவியும் போகாத கவிச்சி வாடை. இன்றைக்கும் மீன் வண்டி பக்கத்தில் போனால் எனக்கு வயிற்றைப் பிடிக்கிறது.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை இழுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். அவருக்கு என்னைவிட வயசு குறைவு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் விஷயம் பெரியது என்பது எனக்கு அனுபவம்.

சிறுகுடல் முடிகிற இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். புண் திரும்ப வந்துவிட்டதா என்று அய்யா கேட்டார்.

"இல்லைங்கய்யா. புண்ணு ஆறினதுதான் அடைச்சிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உள்ளே புண் வந்து, ஆறி, வந்து, ஆறி, ஒவ்வொரு தடவையும் உடம்பு அந்த இடத்தில் தழும்பைப் போட்டிருக்கிறது. தோலில் தழும்பு வந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். குடல் ஒரு குழாய். அதில் தழும்பு தடித்தால் வழி குறுகும். எனக்கு அது ஒரு வைக்கோல் துரும்பு அளவுக்குக் குறுகியிருக்கிறது. அதற்குள் பனங்கிழங்கு நார் போய் உட்கார்ந்துகொண்டது.

உப்புத் தண்ணீரில் போர்வெல் குழாய் அடைத்துப்போவது எங்களுக்குப் புதிது இல்லை. அய்யா அதைத்தான் பிடித்துக்கொண்டார். உப்புப் படிகிற மாதிரியா, மருந்து ஊற்றிக் கரைத்துவிடலாமா என்று கேட்டார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். மேலே ஒன்றும் படியவில்லை, குழாயே அப்படி ஆகிவிட்டது என்றார். நான் போட்டுக்கொள்கிற ஊசி வீக்கத்தைத்தான் குறைக்கும். விழுந்த தழும்பைக் கரைக்கிற மருந்து இன்னும் வரவில்லை.

ஏன் அதிகமாகத் தழும்பு போட வேண்டும், போதும் என்று உடம்புக்குத் தெரியாதா என்று நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அந்தக் கேள்விக்கு அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை மாதிரி. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் தனக்குள் பழசானதை, பழுதானதை, உள்ளே புகுந்த கிருமியை எல்லாம் பொட்டலம் கட்டித் தானே தின்றுவிடுமாம். தின்றதிலிருந்து தனக்கு வேண்டியதைப் புதிதாகச் செய்துகொள்ளுமாம்.

"தன்னையேவா திங்குது?" என்றார் அய்யா.

ஆமாம், இப்போதும், உங்களுக்குள்ளும் எனக்குள்ளும் தின்றுகொண்டுதான் இருக்கிறது, அது தின்பதால்தான் நாம் உட்கார்ந்து பேசுகிறோம் என்றார் டாக்டரம்மா. அய்யா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் உடம்பெல்லாம் கூசியது. என்னைப் போன்ற வியாதிக்காரர்களில் சிலருக்கு அந்த வேலை பிறவியிலேயே மந்தமாம். குப்பை அள்ளாமல் கிடக்கிறது, கிருமி சாகாமல் இருக்கிறது, வீக்கம் வடியவில்லை. வீக்கம் வடியாததால் தழும்பு போடுகிற செல்கள் வேலையை நிறுத்துவதில்லை. போட்டதில் வேண்டாததை அவ்வப்போது அரித்து எடுக்கவும் வேண்டும், அதுவும் சரியாக நடப்பதில்லை. இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் பயம் குறையவில்லை.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். பட்டினி கிடந்தால் செல் தன் கழிவைத் தானே தின்று வியாதியெல்லாம் போய்விடும் என்று அவர் போனுக்கு நாளொரு வீடியோ வருகிறது. அதை அவர் வெகு பவ்யமாகக் கேட்டார். டாக்டரம்மாவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. இந்த வியாதி பட்டினியில் குணமாகும் என்று யாரும் காட்டவில்லை, இவர் இருக்கிற இருப்பில் பட்டினி போட்டால் செல் அல்ல, ஆளே மிஞ்ச மாட்டார் என்றார். கணவர் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

இரண்டு நாள் குழாயோடு பார்த்தார்கள். அடைப்பு விடவில்லை. அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆனது. குறுகின துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பார்களாம். தைக்க முடியாமல் போனால் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைப்பார்களாம். நான் கடையை நினைத்தேன், ஆதார் அட்டையோடு நிற்கிற ஆட்களை நினைத்தேன், பை என்ற சொல்லை நினைத்தேன். அய்யா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

பை வைக்கவில்லை. தைத்துவிட்டார்கள். வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். அய்யாவும் என் கணவரும் பார்த்திருக்கிறார்கள். கணவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம். தினமும் மீன் குடலில் புரளுகிற ஆள். அய்யா மட்டும் குனிந்து நன்றாகப் பார்த்திருக்கிறார். எனக்கு நினைவு திரும்பி, பேசுகிற நிலைமை வந்த பிறகு அவர் சொன்னது இது.

"அங்கன புண்ணே இல்ல தாயி. நானும் தேடித் தேடிப் பாக்குறேன், பொட்டுப் புண்ணு இல்ல. காச்சுப்போன கை மாதிரி கெட்டியாக் கெடந்துச்சு. நான் என்ன கேட்டனோ அதை அப்படியே குடுத்திருக்கு. நல்லாத் தழும்பேறித்தான் இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தான் சொன்ன சொல்லைச் சாமி நிறைவேற்றிவிட்டதே என்கிற திகில் அவர் முகத்தில் இருந்தது. கிடாவும் வெட்டியாகிவிட்டது, கணக்கு நேராகிவிட்டது, இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அப்படியெல்லாம் இல்லை, இது உடம்பு செய்த வேலை, நீங்கள் கேட்காவிட்டாலும் நடந்திருக்கும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நானே முழுசாக நம்பித்தான் சொன்னேனா என்பது எனக்கும் தெரியாது. கோயிலில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது பக்கத்தில் கைகூப்பி நின்றவள்தானே நான்.

பிறகு வந்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பழம் வாங்கி வந்தவர்கள் சொன்னார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தவர்கள் சொன்னார்கள், கட்டு மாற்றுகிற நர்ஸம்மா சொன்னார். சீக்கிரம் ஆறிவிடும். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சீக்கிரமெல்லாம் வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. வயிற்றுக்கு மேலே ஒரு தையல், அது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே ஒரு தையல், அது தெரியவில்லை. அது ஆறாவிட்டால் பிரிந்துகொள்ளும், செத்துப்போவேன். அதிகமாக ஆறினால் அடைத்துக்கொள்ளும், மறுபடி இதே கட்டில். ராத்திரி பகல் என்று இல்லாமல் நான் என் வயிற்றைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா வந்து எல்லாம் விளக்கிச் சொன்னார். இந்த முறை மூவரும் ஒரு சொல் விடாமல் கேட்டோம். தையல் போட்ட இடத்தில்தான் இந்த வியாதி திரும்ப வரப் பார்க்கும், ஆகவே ஊசியை நிறுத்தக் கூடாது, சில மாசம் கழித்துக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். வராமலும் போகலாம் என்றும் சொன்னார். அவர் எழுந்து கதவுப் பக்கம் போகும்போது அய்யா பின்னாலேயே போய் நின்றார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார்.

"ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன். இனிமே நாங்க சாமிகிட்ட என்னன்னு கேக்குறது? ஆறணும்னு கேக்கவா, ஆற வேணாம்னு கேக்கவா?"

டாக்டரம்மா சிரித்து மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம், அவர் போகவில்லை. கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு அய்யா பக்கம் திரும்பினார்.

"ஆறணும்னே கேளுங்கய்யா. ஆனா எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியணும்னும் சேத்துக் கேளுங்க. நாங்களும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

அய்யா சரி என்று தலையாட்டினார். கட்டிலுக்குத் திரும்பி வரும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று புரிந்தது. என் பக்கத்தில் வந்து நின்றவர், பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம சாமிக்கு அம்புட்டு வெவரம் பத்தாதே தாயி."